பட்டைத் தைல மாப்பிள்ளை

என் தம்பி நந்தகோபாலுக்கு மூன்று இடத்தில் பெண் பார்த்தோம். மூன்று வீட்டிலும் நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் யாராவது எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்கள். மூன்றாவது இடம் வாலாஜாபேட்டை. அங்கே ஜன்னல் போதாதென்று சாம்பிராணியும் போட்டார்கள். அன்றைக்குச் செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை, சாதாரண ஞாயிற்றுக்கிழமை. பஜ்ஜித் தட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே புகை. பெண் வந்து நமஸ்காரம் பண்ணினாளாம், நான் பார்க்கவில்லை. இருமிக்கொண்டே காப்பி குடித்துவிட்டு எழுந்தோம். "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். பெண் பார்க்கப் போன எல்லோருக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும்.

நந்துவுக்கு ஆம்பூரில் தோல் கம்பெனியில் வேலை. நாங்கள் நெசவு ஜாதி. எங்கள் அப்பா தறியை விற்றுவிட்டுக் கண்ணை மூடியதால் அவன் பள்ளிக்கூடத்தை விட்டு நேராகச் சுண்ணாம்புக் குழிக்குப் போனான். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடி உரிக்கிற இடம். அங்கே ஒரு மணி நேரம் நின்றால் சாப்பாடு இறங்காது, இவன் வருஷக்கணக்காக நின்றான். அப்புறம் கை சுத்தம் பார்த்து ஃபினிஷிங் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். பதப்படுத்திய தோலுக்குக் கலர் அடிக்கிற வேலை. அதில் அவனுக்கு நல்ல பெயர். பிரவுன் என்றால் எத்தனை பிரவுன் இருக்கிறது என்று அவன் சொல்ல ஆரம்பித்தால் நமக்குக் கொட்டாவி வரும்.

வேலை மாறினாலும் நாற்றம் மாறவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்ப்பான், பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ப்பான், செங்கல் ஒன்றுதான் பாக்கி. நான் வாக்கப்பட்டது வாணியம்பாடியில். எனக்கு அது ஊர்க் காற்று, தனியாகத் தெரியாது. வெளியூர் மூக்குக்குத் தெரிகிறது, என்ன செய்ய? வாலாஜாபேட்டையிலிருந்து திரும்பும்போது, ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நந்து சொன்னான்.

"அக்கா, குடியாத்தத்துல ஒரு எடம் சொன்னியே, அதுக்கு மட்டும் வர்றேன். அதுவும் இல்லன்னா இதோட வுட்டுரு. நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

முப்பத்திரண்டு வயசு ஆள், ஸ்டவ்வில் முட்டை பொரித்துத் தின்றுகொண்டு ஒற்றை அறையில் இப்படியே இருந்துவிட்டுப் போகிறானாம். அப்பா அம்மா இல்லாத வீட்டில் நான்தான் எல்லாம். குடியாத்தத்தை எப்படியாவது முடித்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாள் குறித்தோம். எண்பத்தொன்றாம் வருஷம் அது.

அந்த வாரம் நந்து வாணியம்பாடிக்கு வந்து, "அத்தர் வாங்கணும், கூட வா" என்றான். அப்துல் சமத் பாய் கடை எங்கள் தெரு முனையில்தான். பெஞ்சு அகலம்தான் கடை, உள்ளே சுவர் முழுக்கக் குப்பி. பாய்க்குத் தாடி வெள்ளை, நாக்கு சிவப்பு, கோபம் எப்போதும் மூக்கு நுனியில். நந்து தன் பிரச்சினையைச் சுற்றி வளைத்துச் சொன்னான். பாய் முழுக்கக் கேட்கவில்லை.

"தோல் கம்பெனியா? அத்த நேரா சொல்லேன். ஊர்ல பாதிப் பேருக்கு அதுதான் பேஜார்" என்று ஒரு சின்னக் குப்பியைத் திறந்து என் கையில் தொட்டுவிட்டார். வெட்டிவேர் அத்தர், குளிர்ச்சியாக இருந்தது. நந்துவும் முகர்ந்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"கம்மியா கீது பாய். இதைவிட ஜோரா இன்னா வெச்சிருக்கீங்க?"

மேல் தட்டில் பழுப்பு நிறப் பாட்டில்கள் இருந்தன. நந்து விரலை நீட்டினான். பாய் தலையை ஆட்டினார்.

"அது ஒடம்புக்கு இல்ல தம்பி. எலுமிச்சை, பட்டை, லவங்கம், எல்லாம் பச்சைத் தைலம். அத்தர்னா ஏற்கெனவே சந்தன எண்ணெய்ல எறக்கினது, பூசலாம். இது அப்படி இல்ல. எலுமிச்சைத் தைலத்தைப் பூசிக்கினு வெயில்ல போனா பூசின எடம் கறுத்துப் போவும். பட்டைத் தைலம் நேரா பட்டா வெந்து போவும். நானே ஒரு பெரிய பாட்டில் எண்ணெய்க்கு ஒரு சொட்டுதான் வுடுவேன்."

"ஒரு சொட்டுல இன்னா வரும்?"

"ஒரு சொட்டுல எல்லாம் வரும். அதையும் மொதல்ல முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் வுட்டுப் பாக்கணும். அரிச்சா, செவந்தா, வாணாம்னு வுட்டுரணும். எரிஞ்சா தண்ணி ஊத்தக் கூடாது. தண்ணியும் எண்ணெயும் சேராது. சமையல் எண்ணெய் எதையாவது தடவி வழிச்சு எடுக்கணும், அப்புறம்தான் சோப்பு. கேட்டுக்கினியாம்மா?" என்று கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார். தம்பியின் மூஞ்சியைப் பார்த்தாலே அவன் கேட்கிற ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டது போல.

வெட்டிவேர் அத்தரை வாங்கிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் நந்து முணுமுணுத்தான். "எனக்குத் தோலைப் பத்திச் சொல்றாரு அக்கா. நான் பாக்காத தோலா?"

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மறுநாளே தனியாகப் போய், கம்பெனியில் ஸ்பிரேயில் கலக்க வேண்டும் என்று பாயிடம் புளுகி, அந்தப் பட்டைத் தைலத்தை ஒரு பாட்டில் வாங்கி வந்தது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தபோது வெள்ளைச் சட்டை, வழித்த முகம், எண்ணெய் போட்டு வாரிய தலை, நன்றாகத்தான் இருந்தான். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காததால் நாங்கள் இரண்டு பேர்தான். பஸ் கிளம்பி ஊரைத் தாண்டவில்லை, முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினார். அவர் பக்கத்தில் இருந்தவரும் திரும்பினார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தவர் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"யாருப்பா அது பிரியாணித் தேக்சா ஏத்தினது? லக்கேஜ் போடணும்."

"பிரியாணியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். ஆனால் எனக்கும் வந்தது. கல்யாண வீட்டில் பிரியாணித் தேக்சாவின் மூடியைத் திறந்தால் எழும்புமே, அந்த வாசனை. அதுவும் என் பக்கத்திலிருந்தே வந்தது. நான் நந்துவின் தோளில் மூக்கை வைத்துப் பார்த்தேன்.

"டேய், உன் மேலதாண்டா பிரியாணி வாசனை. இன்னா பூசினே?"

"அத்தர்தான். கிண்டல் பண்ணாதே அக்கா."

"அத்தர் எங்கடா இப்படி அடிக்கும்? எனக்கே பசிக்குது."

அவன் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஒவ்வொருத்தராக மூக்கை உறிஞ்சுவதை, எங்கள் சீட்டைத் திரும்பிப் பார்ப்பதை, பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சிரிப்பதை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாதனூர் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் போகும்போது நெற்றியெல்லாம் வேர்வை. தை மாதக் காலைக் காற்று ஜில்லென்று அடிக்கிறது, இவன் வேர்க்கிறான். சட்டைக் காலரை அடிக்கடி இழுத்து விட்டுக்கொண்டான். "இன்னாடா?" என்றால், "ஒண்ணும் இல்ல, வேலை செய்யுது" என்றான். எது வேலை செய்கிறது என்று நான் கேட்டிருக்கலாம். பெண் வீட்டில் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

குடியாத்தத்தில் இறங்கியதும், "இரு, வர்றேன்" என்று பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்குள் போனான். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது அவனுக்கு முன்னால் பிரியாணி வந்தது. கக்கூஸ் வாசலில் காசு வாங்க உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் இத்தனை வருஷத்தில் அந்த இடத்திலிருந்து அப்படி ஒரு வாசனை வந்து பார்த்திருக்க மாட்டார்.

பெண் வீடு பக்கத்துத் தெருவில். பெண்ணின் அப்பா முனிரத்தினம் லுங்கி நெய்கிறவர். கூடத்தில் பாதியை ஒரு குழித்தறி அடைத்திருந்தது. நாங்கள் வருவதற்காகத் தறியை நிறுத்தி மேலே ஒரு வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். பாவு நூலுக்குப் போடும் கஞ்சி புளித்த வாடை, சாய வாடை, இரண்டும் கலந்து வீடு முழுக்க இருந்தது. எனக்குச் சின்ன வயசு வீடு ஞாபகம் வந்து சந்தோஷமாக இருந்தது. பெண்ணின் அம்மா வள்ளியம்மாள் எங்களை உள்ளே கூப்பிட்டவர், நந்து தாண்டிப் போனதும் நின்றுவிட்டார். அவர் மூக்கு இரண்டு தடவை ஆடியது. சுவரில் முருகன் படத்துக்கு அப்போதுதான் பூப் போட்டிருந்தார்கள்.

"இன்னிக்கி வெள்ளிக்கிழமையாச்சே" என்றார் என்னிடம், மெதுவாக.

"நாங்க கவுச்சி எதுவும் துன்னுட்டு வரல அத்தே, சத்தியமா" என்றேன். அவர் நம்பவில்லை. நம்பும்படியாகவும் இல்லை.

பாயில் உட்கார்ந்தோம். பூரணி காப்பி கொண்டுவந்தாள். நல்ல உயரம், விரல் நுனியெல்லாம் நீலச் சாயம். குனிந்த தலை நிமிராமல் இருக்கிற ரகம் இல்லை. டம்ளரைக் கொடுக்கும்போதே மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நந்து டம்ளரை வாங்கினான். வாங்கியவன் குடிக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தான். பெண்ணைப் பார்த்த வெட்கம் என்று நினைத்தேன், நான் ஒரு மடச்சி.

"தம்பிக்குக் கம்பெனில இன்னா வேலை?" என்று முனிரத்தினம் ஆரம்பித்தார்.

"கலர்... கலர் அடிக்கிறது மாமா. மொதல்ல தோலை... தோலை வந்து..." அவன் பல்லைக் கடித்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. "தோலை நல்லா இழுத்து... ஐயோ."

"இன்னா தம்பி?"

"ஐயோ அக்கா! எரியுது, எரியுது!"

காப்பி டம்ளர் பறந்தது. எழுந்து நின்று சட்டையைக் கழற்றினான். பட்டன் இரண்டு தெறித்து ஒன்று தறிக்குள் போய் விழுந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில், பெண்ணுக்கு முன்னால், பெண்ணின் அம்மாவுக்கு முன்னால், பனியனையும் கழற்றி வீசினான். கழுத்திலிருந்து இடுப்பு வரை செக்கச்செவேலென்று இருந்தது. இவன் கம்பெனியில் எத்தனையோ கலர் அடித்திருப்பான், இத்தனை சீராக அடித்திருக்க மாட்டான்.

வள்ளியம்மாள் பதறிப் போய் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து தலையோடு ஊற்றினார். அவ்வளவுதான். அதுவரை எரியாமல் இருந்த இடத்துக்கும் அது ஓடிப் பரவியிருக்க வேண்டும், வேட்டியைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் குதிக்க ஆரம்பித்தான். அப்போதுதான் எனக்குச் சமத் பாய் என்னைப் பார்த்துச் சொன்னது மூளையில் உறைத்தது.

"தண்ணி வாணாம்! எண்ணெய், எண்ணெய் கொண்டாங்க, எந்த எண்ணெய்னாலும்!" என்று கத்தினேன்.

ஏன், எதற்கு என்று பூரணி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கஞ்சியில் கலக்குவதற்காகத் தறிக்குப் பக்கத்தில் வைத்திருந்த கடலை எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆனால் கல்யாணம் ஆகாத பெண், வந்தவன் உடம்பில் கை வைக்க முடியுமா? டின்னை அப்பா கையில் கொடுத்தாள். முனிரத்தினம் ஒரு நொடி என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், குதிக்கிற மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றி அவன் முதுகில் தேய்க்க ஆரம்பித்தார். நான் முன் பக்கம் தேய்த்தேன். மாமனார் மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைப்பது தலைதீபாவளிக்கு. எங்கள் வீட்டில் நிச்சயம்கூட ஆகாமல் அது நடந்தது.

"தேச்சா மட்டும் போதாது, தொடச்சி எடுங்கப்பா" என்று பூரணி வெட்டுத் துணிகளை அள்ளிக்கொண்டு வந்து போட்டாள். தேய்த்தோம், துடைத்தோம், மறுபடி எண்ணெய் ஊற்றித் தேய்த்தோம். துடைத்த துணியெல்லாம் பிரியாணி வாசனை. கொஞ்ச நேரத்தில் அவன் குதிப்பது நின்றது. அப்புறம் முனகல் மட்டும். பின்கட்டுக்குக் கூட்டிப் போய் சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவி, முனிரத்தினத்தின் கட்டம் போட்ட லுங்கி ஒன்றைக் கட்டிவிட்டுக் கூட்டிவந்தோம். கக்கத்திலும் கழுத்து மடிப்பிலும் கொப்புளம் கிளம்பியிருந்தது. "திரும்பிப் போறப்ப ஆஸ்பத்திரில காட்டிட்டுப் போங்க" என்றார் வள்ளியம்மாள். பாவம், அதற்குள் அவருக்கு வெள்ளிக்கிழமைக் கோபம் போய்விட்டது.

நந்து பாயின் ஓரத்தில் சட்டை இல்லாமல், முதுகு எதிலும் படாமல் உட்கார்ந்தான். தலை நிமிரவில்லை.

"இன்னாத்த தம்பி பூசிக்கினு வந்தீங்க?" என்றார் முனிரத்தினம்.

"பட்டைத் தைலம் மாமா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "படுபாவி, அதைத்தானடா பாய் நேராப் பூசாதேன்னாரு? முழங்கைல தடவிப் பாருன்னாரு இல்ல?"

"பாத்தேன் அக்கா" என்றான். "கம்பெனில எந்தக் கலர் வந்தாலும், எந்த எண்ணெய் வந்தாலும் நேரா முழுத் தோல்ல போட மாட்டோம். ஓரத்துல ஒரு துண்டு வெட்டி, அதுல போட்டு, ஒரு ராத்திரி வெச்சிப் பாப்போம். சுருங்காம, கறுக்காம இருந்தாத்தான் மத்ததுல போடுவோம். நான் அப்படித்தான் பாத்தேன். ஆட்டுத் தோல் துண்டுல தடவி வெச்சேன். காலைல எடுத்துப் பாத்தா ஒரு சுருக்கம் இல்ல. முன்னவிட மெத்துனு இருந்துச்சு. அதான் தைரியமா..."

முனிரத்தினம் தாடையைச் சொறிந்தார். நான் தரையைப் பார்த்தேன். பூரணிதான் கேட்டாள்.

"அந்த ஆடு செத்துப் போச்சுங்க. எரியுதுன்னா அது எப்படிங்க சொல்லும்?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. தறியின் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வள்ளியம்மாள் "ஏய், பூரணி" என்று அதட்டிவிட்டுத் தானும் சிரித்தார். நானும் சிரித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. நந்து மட்டும் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது சரிங்க, ஆனா ஒண்ணு புரியல" என்றாள். "நீங்க தெருமுனைல வரும்போதே எனக்கு உள்ள வாசனை வந்துச்சு. பூசும்போது ஒங்களுக்கு மூக்கைத் துளைச்சிருக்குமே. எப்படிங்க ஒரு பாட்டில் பூசினீங்க?"

"மொதல்ல பாதிதான் பூசினேன்" என்றான் நந்து. "பஸ்ல எல்லாரும் மூக்கை உறிஞ்சினாங்க. திரும்பித் திரும்பிப் பாத்துச் சிரிச்சாங்க. தோல் நாத்தம் இன்னும் போவல போலன்னு மீதியையும் பூசிட்டேன்."

"பிரியாணி வாசனைன்னு நான் சொன்னேனேடா!"

"நீ கிண்டல் பண்றேன்னு நெனச்சேன் அக்கா." அவன் லுங்கியின் கட்டத்தை விரலால் தேய்த்தான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான். "எனக்குத் தெரியாதுக்கா. எனக்கு மூக்கு போய்டுச்சு. சுண்ணாம்புக் குழிலயே பாதி போச்சு, ஸ்பிரேல மீதியும் போச்சு. நாலஞ்சு வருஷமாவே ஒண்ணும் வராது. மல்லிப்பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான்."

நாலைந்து வருஷம். பண்டிகைக்குப் பண்டிகை என் வீட்டுக்கு வந்து, மீன் குழம்பு வாசனை எப்படிடா என்றால், பிரமாதம் அக்கா என்பான். சமத் பாய் கடையில் குப்பியை முகர்ந்து உதட்டைப் பிதுக்கியது ஞாபகம் வந்தது. செருப்பால் அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. முதுகு வெந்து கிடக்கிறவனை இரண்டுமே செய்ய முடியாது.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி இன்னா பண்றது? என் மேல நாத்தம் வருதான்னு எனக்குத் தெரியாது. எதுர்ல இருக்கிறவங்க மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன். யாராச்சும் மூக்குல கை வெச்சா, என்னாலதான்னு ஒதுங்கிடுவேன். அவங்களுக்குச் சளியாகூட இருக்கும், எனக்கு எப்படித் தெரியும்? வாய் தொறந்து யாரும் சொல்ல மாட்டாங்க. ஜன்னலைத்தான் தொறப்பாங்க."

முனிரத்தினம் தொண்டையைக் கனைத்தார். நல்ல மனுஷன்தான், ஆனாலும் பெண்ணைப் பெற்றவர். நாற்றம் ஒரு பக்கம், மூக்கு இல்லாதது ஒரு பக்கம், மேலே கொப்புளம் வேறு. அவர் என்ன கணக்குப் போட்டாரோ, முகத்தில் தெரிந்தது.

"சரிம்மா, பொழுதோட ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு கெளம்புங்க. நாங்க யோசிச்சி... சொல்லி அனுப்புறோம்."

நான் எழுந்தேன். நந்துவும் கையை ஊன்றி எழப் பார்த்தான். முடிந்தது என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இனி இன்னொரு இடத்துக்கு அவன் வரமாட்டான். ஆம்பூர் அறைதான், ஸ்டவ்தான், முட்டைதான்.

"இருங்க" என்றாள் பூரணி. அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "இதுவரைக்கும் எத்தினி பேர் வந்து இந்தப் பாய்ல உக்காந்தாங்கப்பா? ஒருத்தன் குடிக்கவே மாட்டேன்னான், மறுவாரமே கடைத்தெருவுல வுழுந்து கெடந்தான். ஒருத்தன் சொந்த வீடுன்னான், வாடகை வீடு. உள்ளதை உள்ளபடி சொன்ன மொத ஆளு இவருதான். அதுவும் சட்டைகூட இல்லாம."

"அதுக்காவ?" என்றார் வள்ளியம்மாள்.

பதில் வருவதற்குள் நந்து பேசிவிட்டான். அவனுக்கு இனி இழப்பதற்கு என்ன இருக்கிறது? "ஒண்ணு கேக்கலாங்களா?" என்றான் அவளிடம். "எல்லாம் கழுவியாச்சு. இப்ப என் மேல நாத்தம் வருதா?"

இல்லடா என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பூரணி அவன் முன்னால் வந்து குனிந்து, கழுத்துப் பக்கமாக மூச்சை இழுத்தாள். வள்ளியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"வருது" என்றாள். "சோப்பு வருது. கடலை எண்ணெய் வருது. பட்டை வருது. எல்லாத்துக்கும் அடியில தோல் நாத்தம் வருது."

"ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான்."

ஆனால் அவன் முகம் சுருங்கவில்லை. இத்தனை வருஷமாக மற்றவர்கள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தவன், அன்றைக்கு அவள் கண்ணைப் பார்த்தான். அவளும் பின்னால் நகரவில்லை. அங்கேயே பாயில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"வேலைக்குப் போய்ட்டு வந்து தினம் கேளுங்க" என்றாள். "ஜாஸ்தின்னா ஜாஸ்தி, கம்மின்னா கம்மி. நான் சொல்றேன். இந்தத் தைலம் கைலம் எல்லாம் வாணாம்."

முனிரத்தினம் என்னவோ சொல்ல வந்து, மகள் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்துவிட்டு, தறியின் மேல் இருந்த வேட்டியை இழுத்துச் சரிபண்ணினார்.

"எனக்காகப் பொய் சொல்ல மாட்டீங்களே?" என்று கேட்டான் நந்து.

"பொய் சொல்றவளா இருந்தா இப்பவே இல்லன்னு சொல்லியிருப்பேனே."

அவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். தோள் குலுங்க, சத்தம் போட்டு, எங்கள் அம்மா செத்தபோதுகூட அப்படி அழாதவன் அழுதான். மறுபடியும் எரிய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து வள்ளியம்மாள் பதறிப்போய் எண்ணெய் டின்னைத் தூக்கினார்.

"வாணாம்மா" என்றாள் பூரணி. "இதுக்கு எண்ணெய் தேவையில்ல."